அறுபது ஜெர்மன்காரர்கள்

— ஜெர்மன் வகுப்புல இடம் இல்லைன்னு நான் சொல்லலை, தெஜோ. உனக்கு இல்லைன்னு சொல்றேன்.

— எனக்குக் கேக்கலைங்க, டீச்சரம்மா. என் பொண்ணு ரெபெகாவுக்கு. மனுவுல எங்க குடும்பப் பேரு கலானியோஷ்னு போட்டிருக்கேன்.

— ரெண்டும் ஒண்ணுதான். உக்காராதே, நின்னே பேசு. உங்க ஜிப்ஸி தெருப் பிள்ளைங்க எல்லாம் பின்கட்டடத்துலதானே படிக்குதுங்க? அவளுக்கு மட்டும் என்ன?

— அங்க மூணு வருஷமா கணக்கு வாத்தியார் இல்லைங்க.

— வர்றவன் எல்லாம் ஓடிப்போறான். ஏன் ஓடுறான்னு நான் சொல்லணுமா?

— அவ நாலு வருஷம் ஆஸ்திரியாவுல படிச்சவங்க. நான் அங்க பன்னிக்கறி ஆலையில இருந்தேன். ஜெர்மன் தண்ணி மாதிரிப் பேசுவா. உங்க பையனுக்கே வீட்டுப்பாடம் அவதான் எழுதிக் குடுக்கிறா.

— பேசிட்டா ஜெர்மன்காரி ஆயிடுவாளா?

— நீங்க பேசுவீங்களா, டீச்சரம்மா?

— நான் எதுக்குப் பேசணும்? என் கொள்ளுத்தாத்தா ஹாவுக். ரத்தத்துல இருக்கு.

— கதவுல ஹல்மோஷ்னு ஹங்கேரியன் பேரு போட்டிருக்கு.

— மாத்திக்கிட்டார். நாப்பத்தொண்ணுல கணக்கெடுக்க வந்தவன்கிட்ட ஹங்கேரியன்னு எழுதச் சொன்னார். ஜெர்மன்னு எழுதினவங்களைப் போர் முடிஞ்சதும் ஹங்கேரியை விட்டே ரயில்ல ஏத்தி ஜெர்மனிக்கு அனுப்பிட்டாங்க. இவர் வீட்டுலயே இருந்தார்.

— அப்ப எழுதினா போதுமுங்க.

— அவர் எழுதலாம். நீ எதை எழுதினாலும் உன் மூஞ்சி வேற சொல்லுதே.

— ஹங்கேரியன்னு எழுதினாலுமா?

— அதுக்கு இன்னும் சிரிப்பாங்க.

— போன கணக்கெடுப்புல ஜெர்மன்னு எழுதச் சொல்லி மேயர் ஐயா எங்க தெருவுக்கு வந்தாருங்க. வீட்டுக்கு ஒரு வண்டி விறகு இறக்கினார்.

— என் வீட்டுக்காரருக்கு இளகின மனசு. ஊர்ல ஜெர்மன் சிறுபான்மைக்குன்னு ஒரு சபை வேணும்னா இத்தனை ஜெர்மன்காரங்க இருக்காங்கன்னு தலை எண்ணிக்கை காட்டணும், காட்டினோம். அந்தக் கணக்கெடுப்புக் காகிதத்துல பேரே கிடையாது. விறகு எரிஞ்சிடுச்சுல்ல? அதோட விடு.

— விட்டுட்டோமுங்க. பொண்ணு விஷயம்?

— பள்ளிக்கூடத்தை நடத்துறது சபை. சபைன்னா நான், என் தம்பி, பேக்கரிக்காரர். மூணு பேரும் மாட்டோம்னுதான் சொல்வோம். வாசல்ல 'கைக்கு முத்தம்'னு மரியாதையா வணக்கம் சொன்னியே, அதே மரியாதையோட கிளம்பு.

— ஞாயித்துக்கிழமை சபைக்குத் தேர்தலுங்களே.

— அது ஜெர்மன்னு பதிஞ்சவங்களுக்கு. உனக்கென்ன?

— உங்களை எதிர்த்து மூணு பேர் நிக்கிறதாச் சொன்னாங்க.

— பக்கத்து ஊர்க்காரனுங்க. இங்க அவனுங்களுக்கு யாரு போடுவா? போன தடவை நம்ம ஜெர்மன் ஓட்டர் பட்டியல்ல பத்தொன்பது பேர், இப்ப அறுபது. ஊரு மறுபடியும் ஜெர்மன் ஊரா ஆகுதுன்னு என் வீட்டுக்காரர் ராத்திரி ஒயின் திறந்தார்.

— பட்டியல்ல பேரு பாத்தீங்களா?

— பேரை யாருக்கும் காட்ட மாட்டாங்க. எண்ணிக்கை மட்டும்தான்.

— அந்த மூணு பேரும் எங்க தெருவுக்கு வந்தாங்க, டீச்சரம்மா. விறகு கொண்டு வரலை. உள்ள வந்து உக்காந்து காபி குடிச்சாங்க. ரெபெகாகிட்ட ஜெர்மன்ல பேசினாங்க. பதியறதுக்கு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டா போதும், யாரும் மூஞ்சியைப் பாக்க மாட்டாங்கன்னாங்க.

— எத்தனை பேர் போட்டீங்க?

— நாப்பத்தொண்ணு.

— உக்காருங்க, கலானியோஷ் ஐயா.