தோலுக்குத் தின்னர் கூடாது

தோலுக்குத் தின்னர் கூடாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன் ஐயா, ஏனென்றால் பாதிப் பேர் செய்கிற தப்பு அதுதான். தோல் சீட்டில் பெயிண்ட் பட்டதும் பதறிப்போய்த் துணியைத் தின்னரில் நனைத்துத் தேய்ப்பார்கள். பெயிண்ட் போகும், கூடவே தோலின் நிறமும் போகும். மிஞ்சுவது சீட் அல்ல, சொறி பிடித்த நாய்.

நீங்கள் கேட்பது என் தங்கை வீட்டுக்காரரின் பைக்கைப் பற்றி. வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

எனக்கு வண்டிகளைக் கழுவிப் பாலிஷ் போடுகிற கடை. இருபத்திரண்டு வருடமாக அதே ஷெட், அதே தண்ணீர்க் குழாய். மாப்பிள்ளை என்று அவரை நான் மட்டும்தான் கூப்பிடுவேன். மற்றவர்களுக்கு அவர் தலைவர். எட்டுப் பேர் கொண்ட பைக் சங்கத்துக்குத் தலைவர். அந்த எட்டில் ஏழு பேருக்குப் பதவி உண்டு, மீதி ஒருவர் பொதுக்குழு. வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் தோல் ஜாக்கெட் போட்டிருப்பார். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டுவதைவிட இடுப்பில் அணைத்துக்கொண்டு நிற்பதுதான் அதிகம், கிரீடத்தைக் கழற்றிய ராஜா மாதிரி.

அந்த ராஜா வேலை இல்லாமல் இருந்த காலத்தில் இரண்டு வருடம் என் கடையில் இருந்தார். துணி பிழிவதிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். தங்கையும் கூடமாட இருப்பாள். அவளுக்கு நல்ல கை. அப்பா போனபின் அவளை வளர்த்தது நான்தான் என்று சொல்லிக்காட்ட எனக்கு விருப்பமில்லை. வளர்த்தது நான்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் இருவரும் பைக்கைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்தார்கள். டாங்க், முன் விளக்கு, சைலன்சர், கையால் தைத்த அந்தத் தோல் சீட் எல்லாவற்றிலும் பொடிப்பொடியாக நீலப் புள்ளி.

“என்ன மாப்ள இது, வண்டிக்கு அம்மை போட்டிருக்கு?”

“பக்கத்து வீட்டுல கேட்டுக்கு ஸ்ப்ரே அடிச்சாங்க மச்சான். காத்துல வந்து உக்காந்துடுச்சு. நீங்க கை வெச்சா போயிடும்.”

“எப்ப வேணும்?”

“நாளைக்குக் காலையில. ஒரு விசேஷம்.”

“யாரு வீட்டு விசேஷம்?”

தங்கை சொன்னாள்: “உனக்குத் தெரியாதவங்கண்ணா.”

அவர்கள் பக்கத்து வீட்டுக்குக் கேட்டே கிடையாது. ஐந்து வருடமாக ஒரு பழைய கதவைச் சாத்திவைத்திருக்கிறார்கள். சரி, இப்போது புதிதாகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சொந்தத் தங்கையைச் சந்தேகப்படுகிற ஆள் இல்லை நான்.

பெயிண்ட் புள்ளியை எடுக்க ஒருவிதக் களிமண் கட்டி உண்டு. சோப்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் தேய்க்கவேண்டும். அது தீர்ந்துபோயிருந்தது. வாங்குவதற்காக இறக்கத்தில் நடந்தேன். மூன்றாவது தெருவில் புது பெயிண்ட் வாசனை வந்தது. நீல ஷட்டர். டாங்கைச் சுரண்டிப் பார்த்தபோது என் நகத்தில் ஒட்டிய ஒரு புள்ளியை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நீலம்.

மேலே பலகை. ‘வாகன அழகியல் மையம்.’ நாங்கள் கழுவித் துடைக்கிற வேலைக்கு இப்படியொரு பெயர் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதன் கீழே மாப்பிள்ளையின் பெயர், நிறுவனர்-இயக்குநர். அதற்கும் கீழே ‘இருபத்திரண்டு ஆண்டு அனுபவம்’. மாப்பிள்ளைக்கு வயது முப்பத்தொன்று. ஒன்பது வயதில் தொழிலைத் தொடங்கியிருக்கவேண்டும். திறப்பு விழா மறுநாள் காலை பத்தரைக்கு என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது.

ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே தங்கை முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மென்மையான துடைப்பு மருந்து இடது ஓரம், கடுமையானது வலது கோடி, நடுவில் நிறம் பிரித்த துணிகள். நான் அடுக்குகிற வரிசை. நான் கூப்பிடவில்லை.

கடை திறக்கட்டும் ஐயா. ஊரில் நூறு கடை இருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே போய் ரிப்பன் பிடித்திருப்பேன். என் வருடங்களை எடுத்துப் பலகையில் எழுதிக்கொண்டதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கடையின் பெயிண்ட் அவர்கள் வண்டியிலேயே விழுந்து, அதை எடுக்கத் தெரியாமல், திறப்பு விழாவுக்கு ஜம்மென்று போய் இறங்க வேண்டும் என்று என்னிடமே கொண்டுவந்தார்கள் பாருங்கள். அதுவும் பின் மட்கார்டில் தின்னரைத் தேய்த்து மங்கடித்த பிறகு.

ஆனாலும் வேலையில் நான் குறை வைக்கவில்லை. விரலில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவினால் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகூட மணல் மாதிரி உறுத்தும். அப்படித் தடவித் தடவி எடுத்தேன். பொழுது சாயும்வரை உலோகம் முழுக்க. மறுநாள் விடிந்ததும் சீட். தோல் துடைக்கிற மருந்தை மென்மையான பிரஷில் தொட்டு வட்டமாகச் சுற்றி, அடங்காத புள்ளியைப் பல்குத்தும் குச்சியால் நெம்பி எடுத்தேன். அவர்கள் வாய் திறந்து உண்மையைச் சொன்னால் அப்படியே சாவியைக் கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன். நான் நியாயமான ஆள்.

ஒன்பதரைக்கு வந்தார்கள். ஜாக்கெட்டுக்கு மேல் ஒரு சால்வை.

“மாப்ள, எங்க விசேஷம்னு சொல்லவே இல்லையே?”

“நம்ம சங்கத்து ஆள் ஒருத்தருக்குப் பாராட்டு விழா மச்சான்.”

“நானும் கூட வரட்டுமா? சும்மாதான இருக்கேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கைதான் சொன்னாள்: “நீ எதுக்குண்ணா, உனக்குப் போரடிக்கும். கடையைப் பாத்துக்கோ.”

“சரிம்மா. அஞ்சு நிமிஷம் இருங்க, டயர் பாக்கி இருக்கு.”

“எல்லா இடமும் பளபளன்னு இருக்கணும் மச்சான்” என்றார் மாப்பிள்ளை. இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ளவேண்டும். அவர் கேட்டார்.

டயர் பாலிஷை ஓரத்தில்தான் போடவேண்டும். சாலையில் படுகிற பரப்பில் படக்கூடாது, பிரேக் தட்டில் படவே கூடாது. பட்டால் டயர் வழுக்கும், பிரேக் பிடிக்காது. என்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வேன். இருபத்திரண்டு வருடத்தில் என் கை ஒருமுறைகூட அங்கே தவறிப் போனதில்லை. அன்றும் தவறிப் போகவில்லை. இரண்டு டயர், இரண்டு தட்டு, எல்லாவற்றிலும் நிதானமாகப் போட்டேன்.

தங்கை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் உள்ளே அலமாரியில் இருக்கிற மஞ்சள் துணியை எடுத்துவரச் சொன்னேன். மஞ்சள் துணி என் தோளில் கிடந்தது. மாப்பிள்ளையை எங்கேயும் அனுப்பவில்லை. அவசியம் இருக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் இரண்டடி தூரத்தில் நின்று, பைக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தது.

அவள் ஆட்டோவில் போவதாகத்தான் பேச்சு. சீட்டைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டாள். “ஐயோ, புதுசு மாதிரி இருக்குண்ணா! நான் இதுலயே போறேன்” என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் என் வேலையைப் பாராட்டி ரொம்ப நாளாகியிருந்தது. மாப்பிள்ளை சாவியைத் திருப்புவதற்குள் எனக்கு நேரம் இருந்தது ஐயா, இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தது.

“ஹெல்மெட் போட்டுக்கோம்மா” என்றேன். அக்கறை இல்லாதவனா அதைச் சொல்வான்?

என் கடையிலிருந்து நேர் இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில் வளைவு, வளைவுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டியின் கல் சுவர். அவர் எப்போதும் அந்த வளைவில் கடைசி நொடியில்தான் பிரேக் பிடிப்பார். தலைவர்கள் அப்படித்தான். நான் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. உள்ளே போய்த் துணிகளை அலசினேன். சத்தம் கேட்டபோது மூன்றாவது துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். நான்கையும் பிழிந்து காயப்போட்டுவிட்டுத்தான் போனேன்.

இருவரும் அங்கேயே போய்விட்டார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். நான் பைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கையிலிருக்கிற அந்த பைக் போட்டோவைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். சீட்டின் பின்பக்கம், அவள் உட்கார்ந்திருந்த இடம். இரண்டாவது தையலுக்குள் பாருங்கள், ஊசிமுனை அளவுக்கு ஒரு நீலம். எனக்கு அப்போதே சந்தேகமாக இருந்தது, வெளிச்சம் போதவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். வேறு யார் தலையிலும் கட்டிவிடாதீர்கள். அது முழுக்க என் கவனக்குறைவு.