சோஃப்காவுக்கு விட்டுவைத்த கறுப்புத் தேன்

சூப்பு ஆறிப்போகிறது, மிலேனா. முட்டைக்கோஸைப் புளிக்கவைத்ததும் நான்தான், பீன்ஸும் என் தோட்டத்துடையது. முதலில் சாப்பிடுங்கள். உங்கள் அக்கா சோஃப்காவை அழைத்துப்போகத்தானே ப்தூயிலிருந்து வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள்? அதற்கு முன் தேனீக்கள் எப்படிச் செத்தன என்று நானே சொல்லிவிடுகிறேன். தன் கையால்தான் செத்தன என்று சோஃப்கா நம்புகிறாள். அது சரியல்ல.

என் அண்ணன் விங்கோ போன கோடையில் இறந்தபோது அவன் தேன்பெட்டிகளெல்லாம் தேனீக்கள் நிறைந்து நன்றாகவே இருந்தன. "குளிர்காலத்தைத் தாண்டிட்டா, ஏப்ரல்ல இதுங்களையும் ஏத்திக்கிட்டு தங்கச்சிகிட்டயே போயிடுவேன், ஸ்ரேச்கோ. அங்க அகேசியா மரம் பூக்கும். யார் தயவும் வேணாம்" என்றாள் சோஃப்கா. அவள் விங்கோவுக்கு மனைவியாக வந்ததிலிருந்து எதிர்வீட்டில் இருப்பவன் நான். அவளுக்கு விறகு பிளந்து கொடுப்பவன். அவள் போய்விட்டால் நான் யாருக்கு விறகு பிளப்பேன்?

அந்த வருடம் ஃபிர் மரக் காட்டிலிருந்து தேனீக்கள் கறுப்புத் தேனாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தன. குளிர்காலத்துக்கு முன் அதை எடுத்துவிட்டுச் சர்க்கரைப்பாகு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் பெட்டிகளுக்கு அப்படித்தான் செய்தேன். சோஃப்காவுக்கு அதெல்லாம் தெரியாது, தேனை எடுக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டாள். "விங்கோ விட்டுட்டுப்போன தேன். அதுங்க உழைச்சதை அதுங்களே சாப்பிடட்டும், எடுக்காத" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழ்வீட்டு டிராகோவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏம்ப்பா ஸ்ரேச்கோ, கறுப்புத் தேனைத் தின்னா வயித்தால போகும். குளிர்ல அதுங்க வெளிய வர முடியாதே. உள்ளயே கழிஞ்சா உங்க தாத்தாவா வந்து கழுவுவாரு?"

"செத்தவன் தேனுக்கு எப்படி அலையுறான் பாரு" என்று சோஃப்காவிடம் சொன்னேன். அவள் அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். அவன் சொன்னது சரிதான். எனக்கும் தெரியும்.

ஜனவரியில் ஒரு மதியம் நல்ல வெயில் அடித்தது. அடக்கிவைத்திருந்த தேனீக்கள் அப்படி ஒரு நாளில்தான் வெளியே பறந்து வயிற்றைக் காலிசெய்துகொண்டு திரும்பும். களஞ்சியத்துக்குப் பின்னால் என் தேனீக்கள் பறந்துகொண்டிருந்தன. அவளுடையவையும் பெட்டி வாசலில் வந்து மொய்த்தன. "ஐயோ, பனி மேல விழுந்து விறைச்சுடும், வாசல் பலகையச் சாத்து" என்றேன். ஓடி ஓடிச் சாத்தினாள். நான் ஒரு பெட்டியையும் தொடவில்லை.

அதன் பிறகு தினமும் பெட்டிகளில் காதை வைத்துக் கேட்பாள். "முனகுதுங்க, ஸ்ரேச்கோ. என்கிட்ட என்னமோ கேக்குதுங்க" என்பாள். பிறகு ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கியது. அப்போதெல்லாம் என் அடுக்களைக்கு வந்து, என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். மறைக்க என்ன இருக்கிறது, அவ்வளவு சந்தோஷமான குளிர்காலம் எனக்கு அமைந்ததே இல்லை.

மார்ச்சில் திறந்தோம். சட்டமெல்லாம் பழுப்புக் கறை, அடியில் செத்த தேனீக்கள் குவிந்து கிடந்தன. மேலே தேன் அப்படியே நிறைய இருந்தது. "அவரு நம்பி விட்டுட்டுப் போனாரு. நான் கொன்னுட்டேன்" என்றாள். அன்றே தன் வீட்டுக்குள் போய்ப் படுத்தவள், அப்புறம் என்னிடம்கூடப் பேசுவதில்லை.

நான் கைவிட்டுவிடவில்லை. காலையில் ரொட்டியும் பாலும், மதியம் இதே சூப்பு. தொடமாட்டாள். அடுத்த வேளைக்குப் புதிதாக வைப்பேன். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், பார்த்துப் பயந்துவிடாதீர்கள். வெளிச்சம் கண்ணைக் கூசுமே என்று ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். இரண்டு தடவை காலில் செருப்புகூட இல்லாமல் சாலைவரை போய்விட்டாள். வெளியே இன்னும் குளிர் விடவில்லையே, அதனால் கதவையும் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

அவளை அழைத்துப்போகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், மிலேனா. அவ்வளவு தூரம் அவள் தாங்கமாட்டாள். இங்கே அவளுக்கு என்ன குறை? சாவி தருகிறேன், நீங்களே போய்ப் பாருங்கள். தட்டு நிறையச் சாப்பாடு அப்படியே இருக்கிறது.