சிலுவை போட்ட முட்டை

உலகம்மை: சாக்குப்போக்கு சொல்லாதிய டீச்சரக்கா. இது உங்க கோழி இட்ட முட்டைதான்.

ஞானபாக்கியம்: ஏட்டி உலகம்மை, எங்க கோழி உங்க வீட்டுக்குள்ள வந்து நீ பாத்திருக்கியா?

உலகம்மை: கோழியப் பாக்கல. முட்டையத்தான் பாக்கேன். பன்னெண்டு நாளா விறகு அடுக்குக்குள்ள, தெனம் ரெண்டு.

ஞானபாக்கியம்: ஒரு கோழி தெனம் ரெண்டா?

உலகம்மை: அதத்தான் எங்க வீட்டுக்காரவியளும் கேக்காவ. முட்டை பதினஞ்சு நயாபைசா விக்குது, எந்தக் கோழிட்டி நமக்கு இனாமா இடுதுன்னு...

ஞானபாக்கியம்: காய்ச்சல்ல கெடந்த மனுசன் இவ்வளவு கேள்வி கேக்காரா? தேறிட்டாரு! ஸ்தோத்திரம்!

உலகம்மை: ஸ்தோத்திரத்த அப்புறம் வச்சிக்கிடுங்க. இன்னைக்கு முட்டைய உடைக்கப் போனேன். 'குடு பாப்போம்'னு கையில வாங்கி உருட்டி உருட்டிப் பாத்தாவ. 'இது என்னட்டி?'ன்னாவ. பாத்தா... கரியில ஒரு சிலுவை!

ஞானபாக்கியம்: சிலுவையா? எங்க, காட்டு.

உலகம்மை: இந்தா. நல்லாப் பாருங்க. எந்த ஊருக் கோழி சிலுவை போட்டு முட்டையிடும்?

ஞானபாக்கியம்: ...வேதத்துல சேந்த கோழியா இருக்கும்.

உலகம்மை: சிரிக்காதிய! அவிய செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாவ. 'ஐந்தருவில ஆயிரம் பேரு முதுகுக்கு எண்ணெய் தேச்சுச் சம்பாதிச்ச கைட்டி இது. இரக்கப்பட்டுப் போடுறத ஏந்தாது. வேதக்கோயில் பொம்பளைங்க கொண்டாந்த அரிசியத் திருப்பி அனுப்பினேன்லா? இதையும் கொண்டு குடு'ன்னுட்டாவ.

ஞானபாக்கியம்: டாக்டர் என்ன சொல்லுதாரு?

உலகம்மை: பாலும் முட்டையும் நிறுத்தினா, சாரல் முடியிறதுக்குள்ள எந்திரிக்க மாட்டாருன்னு சொல்லுதாரு. சீசன் போச்சுன்னா வருசம் பூரா நாங்க என்னத்தத் திங்க?

ஞானபாக்கியம்: சரி, கேட்டுக்கோ. எங்க கோழி உங்க வீட்டுல ஒரு முட்டைகூட இட்டதில்ல. இது சத்தியம்.

உலகம்மை: இன்னும் கொஞ்சம் சத்தமா...

ஞானபாக்கியம்: என்னது?

உலகம்மை: மெதுவா, மெதுவா! சன்னல் அங்கனதான் இருக்கு. சத்தியம் பண்ணினது மட்டும் அவிய காதுல விழட்டும்.

ஞானபாக்கியம்: எங்க கோழி உங்க வீட்டுல முட்டையிடல! வேதக்கோயில்ல வந்துகூட சொல்லுவேன்!

உலகம்மை: அப்ப யாரு வீட்டுக் கோழி இது! ...அடுத்த வீட்டுப் பிச்சுமணி கோழின்னு சொல்லிருங்களேன்.

ஞானபாக்கியம்: சீ, நான் பொய் சொல்ல மாட்டேன்.

உலகம்மை: இவ்வளவு நேரம் சொன்னது என்னவாம்?

ஞானபாக்கியம்: அதுல எங்க பொய் இருக்கு? கோழியெல்லாம் எங்க வீட்டுக் கூட்டுல இட்டுச்சு. விறகுக்குள்ள கொண்டாந்து வச்சது நான். கோழி வந்துச்சா? வரலலா?

உலகம்மை: அடி ஆத்தீ! இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டா ஞாயித்துக்கிழமை பைபிளத் தூக்கிட்டுப் போறிய?

ஞானபாக்கியம்: போதகர் ஐயாதான் பிரசங்கத்துல சொன்னாரு, குடுக்கிறது வெளிய தெரியப்படாதுன்னு. தெரியாமக் குடுக்கதுல இவ்வளவு பாடு இருக்குன்னு அவரு சொல்லலியே!

உலகம்மை: தெரியாமக் குடுக்கிறவிய சிலுவை போட்டா குடுப்பாவ?

ஞானபாக்கியம்: அது அடை வைக்கதுக்கு நேத்துத் தனியா எடுத்து வச்ச முட்டைட்டி. அடையாளத்துக்கு நீங்க பொட்டு வைப்பிய, நாங்க சிலுவை. பள்ளிக்கூட மணி அடிச்சிட்டுன்னு ஓடுன ஓட்டத்துல கூடை மாறிப்போச்சு.

உலகம்மை: அடை முட்டையவா வச்சிய? அப்ப கோழிக்குஞ்சு?

ஞானபாக்கியம்: குஞ்சுக்கு இப்ப என்ன அவசரம்? உம் புருசன் எந்திரிக்கட்டும்.

உலகம்மை: அடைக்கு வச்சதையா எங்களுக்குக் குடுத்திய டீச்சரக்கா...

ஞானபாக்கியம்: ஏட்டி, அழாத! அழுதா சண்டை மாதிரியா இருக்கும்? கத்து, கத்து.

உலகம்மை: அப்ப... அப்ப இந்த முட்டைக்குச் சொந்தக்காரங்களே இல்லியா டீச்சரக்கா!

ஞானபாக்கியம்: எனக்கு வேண்டாம்! உன் விறகுக்குள்ள கெடந்தா அது உனக்குத்தான்!

உலகம்மை: அப்ப இந்தச் சிலுவை!

ஞானபாக்கியம்: கரிட்டி! வெறும் கரி! கரி பட்டிருக்கு, வேற ஒண்ணுமில்ல! ...பாத்தியா, இதுவும் பொய்யில்ல.

குற்றாலிங்கம்: ஏ உலகம்மை!

உலகம்மை: ஐயோ, கூப்பிடுதாவளே... இந்தா வாரேன்!

குற்றாலிங்கம்: போதும், உள்ள வா. அந்த முட்டைய உடைச்சுப் பால்ல ஊத்து. குடிக்கேன்.

ஞானபாக்கியம்: ஸ்தோத்திரம்! ...தம்பி, நல்லாருக்கியளா? நாங்க சும்மா, இந்த முட்டை விசயமா...

குற்றாலிங்கம்: கேட்டுச்சு டீச்சரம்மா. குசுகுசுன்னு பேசுததா நெனச்சுக்கிட்டு ரெண்டு பேரும் தென்காசி சந்தை மாதிரில்லா பேசுதிய?

உலகம்மை: எல்லாமா கேட்டுச்சு?

குற்றாலிங்கம்: இன்னைக்குக் கேட்டுத்தான் தெரியணுமா? கோழி முட்டையிட்டா தெருவுக்கே கேக்க மாதிரிக் கொக்கரிக்கும்லா? பன்னெண்டு நாளா சன்னலுக்குக் கீழயே கெடக்கேன். ஒரு கொக்கரிப்பு இல்ல. காலையில செருப்புச் சத்தம் வருது, பின்னால முட்டை வருது.

உலகம்மை: மொத நாளே தெரியுமா? தெரிஞ்சுமா தின்னிய?

குற்றாலிங்கம்: தின்னேன். அரிசிய நாலு பேரு தலையில வச்சுத் தெரு வழியாக் கொண்டாந்தாவ, ஊரே பாத்துச்சு. முட்டை அப்படி வரலியே. டீச்சரம்மா ஒளிச்சு வச்சாவ, நீ ஒளிச்சு எடுத்த, நானும் ஒளிச்சுத் தின்னுட்டுப் போறேன்னு இருந்தேன். கரிக்கோட்டப் பாத்ததும்தான் பயந்துட்டேன்... வெளிய தெரிஞ்சிருமோன்னு.

ஞானபாக்கியம்: நாளையிலேருந்து ஒரு குறியும் இருக்காது தம்பி. வேற எப்படி வைக்கணும், சொல்லுங்க, அப்படியே வைக்கேன்.

குற்றாலிங்கம்: வச்சிட்டுப் போகும்போது நீங்களே ரெண்டு தரம் கொக்கரிச்சிட்டுப் போங்க டீச்சரம்மா. இந்தத் தெருவுல எனக்கும் ஒரு மரியாதை இருக்குலா?