கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் வண்டி

கண்டக்டர்: அண்ணே, அசையாதீங்க. ஊக்கு குத்திடும்.

டிரைவர்: நீ சட்டையில குத்துறியா, என்னைக் குத்துறியா?

கண்டக்டர்: சட்டையைக் கழட்டிக் கொடுத்தா நான் ஏன் உங்களைக் குத்தப்போறேன்? போட்டுக்கிட்டேதான் நிப்பேன்னா...

டிரைவர்: போட்டுக்கிட்டாத்தானே நம்பர் நேரா இருக்கான்னு தெரியும். போர்டு கோணலா இருந்தா நான் டிப்போவை விட்டு வண்டி எடுத்திருக்கேனா?

கண்டக்டர்: நீங்க வண்டி இல்லண்ணே. மனுஷன்.

டிரைவர்: நாளைக்கு ஒரு நாளைக்கு வண்டிதான்.

மனைவி: நாளைக்கு மட்டுமா? தூக்கத்துல கியர் மாத்துறார் தம்பி. என் கைதான் கியர்.

கண்டக்டர்: ரிட்டயராகி இவ்வளவு நாளாச்சு, இன்னுமா அண்ணி?

மனைவி: முன்னாடி போறது பரவாயில்ல. ரிவர்ஸ் போடுறப்போதான் வலிக்கும்.

டிரைவர்: ஏய், நீ போய் வேலையைப் பாரு. மாரத்தானுக்குப் போறவனை நிக்க வச்சு மானத்தை வாங்குறா.

மனைவி: வேலையைத்தான் பாக்குறேன். உங்க டவுசருக்கு எலாஸ்டிக் கோக்குறது யாரு வேலை? ஓடும்போது அவுந்துச்சுன்னா அப்போ தெரியும் மானம்.

கண்டக்டர்: ம்... குத்தியாச்சு. கையைத் தூக்குங்க. இறக்குங்க. சரியா இருக்கா?

டிரைவர்: இருக்கு, இருக்கு. உன் சட்டை எங்கடா? உனக்கும்தானே நம்பர் கொடுத்தாங்க?

கண்டக்டர்: எனக்கு எதுக்குண்ணே... முழங்கால்தான் இப்படிப் பண்ணுதே.

டிரைவர்: ஆமாமா. முழங்கால். எந்தக் கால்?

கண்டக்டர்: இது... இடது.

டிரைவர்: நேத்து வலதுன்னே.

கண்டக்டர்: ரெண்டும்தாண்ணே. மாறி மாறி வலிக்குது.

டிரைவர்: ஷிப்டு போட்டு வலிக்குதாக்கும்.

கண்டக்டர்: கிண்டல் பண்ணாதீங்க. அண்ணே... ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?

டிரைவர்: கோவிச்சுப்பேன். சொல்லு.

கண்டக்டர்: பேசாம நாளைக்குப் பாதி மாரத்தான் ஓடிடுங்களேன். பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடலாம். இப்பக்கூட மாத்திக் கொடுப்பாங்களாம். கேட்டுட்டேன்.

டிரைவர்: கேட்டுட்டியா? உன்னை யாருடா கேக்கச் சொன்னது?

கண்டக்டர்: மனசு கேக்கல.

டிரைவர்: பாதி வழியில வண்டியைத் திருப்பினவனாடா நான்?

கண்டக்டர்: ஒரு தடவை திருப்பினீங்களே.

டிரைவர்: எப்போ?

கண்டக்டர்: டீச்சரம்மாவுக்காக.

டிரைவர்: அது... அது வேற கதை.

மனைவி: எந்த டீச்சர்? எனக்குத் தெரியாம அது எந்த டீச்சர்?

டிரைவர்: பாத்தியா, கொளுத்திப் போட்டுட்டே.

கண்டக்டர்: ஐயோ அண்ணி, அவங்களுக்கு அப்பவே வயசாயிடுச்சு. சாயங்கால டிரிப்புல ஏறி ஜன்னல் ஓரமா உக்காருவாங்க, உக்காந்ததும் தூங்கிடுவாங்க. நூல் மில்லு ஸ்டாப்புல நான்தான் எழுப்பி விடணும். அது என் பொறுப்புன்னே ஆயிடுச்சு. ஒரு நாள் செம கூட்டம்... மறந்தே போச்சு. பாலம் தாண்டித் திரும்பிப் பாக்குறேன், தலை ஆடிக்கிட்டு இருக்கு. எனக்கு உசுரே போயிடுச்சு. இவர்கிட்ட ஓடி வந்து...

டிரைவர்: அழுதான்.

கண்டக்டர்: அழல.

டிரைவர்: அழாத குறைதான். "அண்ணே, அவங்க பேத்தி ஸ்டாப்புல நின்னுக்கிட்டு இருக்கும்ணே"ன்னான். நான் என்ன பண்ணுவேன்? ரவுண்டானாவுல வளைச்சுட்டேன்.

மனைவி: முழு வண்டியையுமா?

டிரைவர்: பின்ன, டீச்சர் சீட்டை மட்டும் கழட்டித் திருப்பவா?

கண்டக்டர்: வண்டி பூரா கத்துறாங்க அண்ணி. கம்ப்ளெய்ன்ட் பண்ணுவேன், மேனேஜரைப் பாப்பேன்னு. ஒரே ஒரு பெரியவர் மட்டும், "விடுங்கப்பா, நானும் ஒரு நாள் தூங்குவேன்ல"ன்னார். அவ்வளவுதான், வண்டியே சிரிச்சிடுச்சு. டீச்சரம்மாவுக்குக் கடைசி வரைக்கும் விஷயமே தெரியாது. ஸ்டாப் வந்துச்சும்மான்னு எழுப்பினேன், "இன்னிக்கு என்னப்பா லேட்டு"ன்னு என்னைத் திட்டிட்டு இறங்கினாங்க.

டிரைவர்: ஹா... ஹா... ஆமாடா. திட்டினாங்கடா.

கண்டக்டர்: நல்ல வண்டிண்ணே அது.

டிரைவர்: வண்டி என்ன வண்டி... மழை பெஞ்சா உள்ளயும் பெய்யும். நாம இருந்தோம், நல்லா இருந்துச்சு.

கண்டக்டர்: ம்.

டிரைவர்: அந்த ரோடுடா நாளைக்கு. டிப்போ வாசல்ல ஆரம்பிச்சு ஆஸ்பத்திரி, மில்லு, பாலம், துறைமுகம்... அத்தனையும் நம்ம ரூட்டு. அதை எனக்குப் பாதியா வெட்டித் தரேங்குறே நீ.

கண்டக்டர்: எனக்கு மட்டும் ஆசையா?

மனைவி: அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். வாழ்க்கை பூரா உக்காந்தே போனவருக்கு இந்த வயசுல ஓடுற ஆசை எங்கிருந்து வந்துச்சு?

கண்டக்டர்: வருஷா வருஷம் மாரத்தான் அன்னிக்கு ரோட்டை அடைச்சு, நம்ம வண்டியை ஆஸ்பத்திரி முனையில நிறுத்திடுவாங்க அண்ணி. எல்லாரும் ஓடி முடிக்கிற வரைக்கும் நகர முடியாது. இவர் ஸ்டீயரிங் மேல குத்துவார். "வேலை வெட்டி இல்லாத பயலுங்க, ஓடுறானுங்களாம் ஓட்டம்"னு...

டிரைவர்: இவன் படிக்கட்டுல தொங்கிக்கிட்டு விசிலடிப்பான். யூனிபார்மோட.

கண்டக்டர்: ஒரு வருஷம் எல்லாரும் போயாச்சு. ரோடு காலி. இவர் ஸ்டார்ட் பண்ணப் போறார்... போலீஸ்காரர் கையைக் காட்டுறார். என்னடான்னு பாத்தா தூரத்துல ஒருத்தர். தொப்பையும் தொந்தியுமா, ஒரு கால் ஷூவைக் கையில பிடிச்சுக்கிட்டு. ஓட்டமும் இல்ல, நடையும் இல்ல. அவர் ஒருத்தருக்காக லாரி, காரு, நம்ம வண்டி, எல்லாம் நிக்குது. இவர் எஞ்சினை அணைச்சுட்டார் அண்ணி.

டிரைவர்: எத்தனை வருஷம்டா... சிக்னலுக்கு நின்னோம், மாட்டுக்கு நின்னோம், மந்திரி காருக்கு நின்னோம். நமக்காக எவன் நின்னான்?

கண்டக்டர்: அதைத்தான் அன்னிக்கும் சொன்னீங்க. "ரிட்டயரானதும் ரெண்டு பேரும் இந்த ரோட்டுல ஓடுறோம்டா, நமக்காக எல்லா வண்டியும் நிக்கணும்"னு.

டிரைவர்: ரெண்டு பேரும்னு சொன்னேன்ல?

கண்டக்டர்: சொன்னீங்கண்ணே.

மனைவி: சரி, விடுங்க. முழங்கால் வலிக்குதுன்னு சொல்றார்ல? தம்பி, பழகுறப்போ இவர் எப்படி ஓடுவார்? வீட்டுல கேட்டா புலி மாதிரிங்குறார்.

கண்டக்டர்: புலியா? மொத நாள் என்ன பண்ணார் தெரியுமா? ஒவ்வொரு பஸ் ஸ்டாப் வந்ததும் வேகம் குறையுது. ஸ்டாப்புல நிக்கிறவங்களைப் பாத்து ஓரம் கட்டுறார். அவங்க பயந்து போய் வழி விடுறாங்க.

டிரைவர்: பழக்க தோஷம்டா.

கண்டக்டர்: வளைவுல கையை நீட்டி சிக்னல் காட்டுறார் அண்ணி! முன்னாடி ஒரு பாட்டையா கம்பு ஊன்றி நடந்து போறார். இவர் அவரை முந்த மாட்டேங்குறார். ஏன்ணேன்னா, "வளைவுல ஓவர்டேக் பண்ணக்கூடாது"ங்குறார். அந்தப் பெரியவர் பின்னாடியே முக்கால் தெரு.

டிரைவர்: இவன் மட்டும் யோக்கியமா? பார்க்குல வாக்கிங் போறவங்களைப் பாத்து, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு பாருங்க"ன்னான். ஒரு அம்மா திரும்பிப் பாத்த பார்வை இருக்கே...

மனைவி: நல்ல ஜோடி!

கண்டக்டர்: அப்புறம் நான் சைக்கிள்ல கூட வர ஆரம்பிச்சேனா... ஒரு மணி அடிச்சா நிறுத்தம், ரெண்டு அடிச்சா போகலாம். நம்ம பழைய கணக்குதான். நல்லாத்தான் போச்சு. ஒரு நாள் எவனோ பேப்பர் போடுறவன் குறுக்கே வந்து ஒரு மணி அடிச்சுட்டான். இவர் நட்ட நடு ரோட்டுல நின்னுட்டார். நான் ரெண்டு அடிக்கிற வரைக்கும் அசையல.

டிரைவர்: மணி கேக்காம வண்டி எடுக்கச் சொல்றியா?

கண்டக்டர்: சிரிக்காதீங்கண்ணே. நான் சீரியஸாவே கேக்குறேன். ரெண்டு பேரும் சேந்து ஓடினப்போ நீங்க நல்லாத்தானே ஓடினீங்க? நான்தான் பின்னாடி நாக்குத் தள்ளிக்கிட்டு வருவேன். இப்போ கொஞ்ச நாளா என்ன ஆச்சு? நீங்க போற வேகத்துக்கு என் சைக்கிள் நிக்க மாட்டேங்குது. சாய்ஞ்சு சாய்ஞ்சு விழுது.

டிரைவர்: வயசாகுதுல்ல?

கண்டக்டர்: ஒரே மாசத்துலயா வயசாகும்?

டிரைவர்: மெதுவா ஓடினா என்னடா? போய்ச் சேந்தாப் போதாதா?

கண்டக்டர்: சேர விட மாட்டாங்கண்ணே! அதைத்தான் சொல்ல வர்றேன். கடைசி ஆளுக்குப் பின்னாடி ஒரு வண்டி வரும். சின்ன பஸ்ஸு. ஒரே வேகத்துல உருட்டிக்கிட்டே வருவாங்க. அந்த வேகத்துக்கு ஓட முடியாம யாராவது அதுக்குப் பின்னாடி போயிட்டா, அவ்வளவுதான். ஏத்திக்கிட்டு வந்துடுவாங்க.

மனைவி: ஐயய்யோ. இவரையா? பஸ்லயா?

கண்டக்டர்: அண்ணி, நீங்களே சொல்லுங்க. எத்தனை ஆயிரம் பேரைச் சுமந்த மனுஷன். இவரைத் துண்டு போத்தி, ஜன்னல் ஓரமா உக்கார வச்சு, அதே ரோட்டுல... ஆஸ்பத்திரி முனையில ஆட்டோக்காரன்லருந்து பழக்கடைக்காரன் வரைக்கும் எல்லாரும் தெரிஞ்சவங்க. பாத்துக்கிட்டு நிப்பாங்க. என்னால தாங்க முடியாது.

டிரைவர்: உனக்கு என்னடா? நீதான் வீட்டுல முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கிட்டு இருப்பியே. நீ எங்க பாக்கப் போறே? சொல்லு. நீ எங்க இருப்பே நாளைக்கு?

கண்டக்டர்: அந்த வண்டியிலண்ணே.

டிரைவர்: எந்த வண்டியில?

கண்டக்டர்: அதான்... கடைசி ஆளுக்குப் பின்னாடி வர்ற வண்டியில. படிக்கட்டுல நின்னு ஏத்துறதுக்கு ஒரு ஆள் வேணுமாம். அனுபவம் உள்ள கண்டக்டரா இருந்தா நல்லதுன்னு போன் பண்ணாங்க. சரின்னுட்டேன்.

டிரைவர்: அந்த முழங்காலோட படிக்கட்டுல நிப்பியா?

கண்டக்டர்: முழங்கால் நல்லாத்தான் இருக்கு.

டிரைவர்: அப்போ?

கண்டக்டர்: நெஞ்சுண்ணே.

மனைவி: உக்காருங்க தம்பி. நின்னுக்கிட்டே பேசாதீங்க.

கண்டக்டர்: அன்னிக்குப் பாலத்து மேல ஓடுறப்போ, ஷூவுக்குள்ள கல்லு போயிடுச்சுன்னு உக்காந்தேனே... கல்லு இல்ல. டாக்டர் நல்லா நடக்கலாம், ஆனா ஓட மட்டும் கூடாதுன்னுட்டார். உங்ககிட்ட சொன்னா நீங்களும் ஓட மாட்டேன்னு உக்காந்துடுவீங்க. எனக்குத் தெரியாதா உங்களை? அதான் முழங்கால்னு... நான் போகலைன்னாலும் நீங்களாவது போய்ச் சேரணும்ணே. அது போதும் எனக்கு. ஆனா நீங்க ஓடுற வேகத்தைப் பாத்தா, பாதியில நானே உங்க கையைப் பிடிச்சு "ஏறுங்கண்ணே"ன்னு சொல்ல வேண்டி வரும். என் வாயால அதை எப்படிண்ணே சொல்லுவேன்?

டிரைவர்: கண்ணைத் தொடைடா.

கண்டக்டர்: தூசி.

டிரைவர்: அன்னிக்குக் கல்லு, இன்னிக்குத் தூசியா?

மனைவி: போதுங்க, சொல்லிடுங்க. பாக்கவே பாவமா இருக்கு.

கண்டக்டர்: என்ன அண்ணி?

மனைவி: இவர் சொல்ல மாட்டார். நானே சொல்றேன். உங்க வீட்டுக்காரி இங்க வந்து உக்காந்து அழுதுட்டுப் போனா தம்பி. டாக்டர் சொன்ன அன்னிக்கே. மறுநாள் காலையில எழுந்ததும் இவர் அந்த மாரத்தான் ஆபீஸுக்குத்தான் போனார். கடைசி வண்டிக்கு உங்களைத்தான் கூப்பிடணும்னு பிடிவாதமா நின்னிருக்கார். அவங்களா ஒண்ணும் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கல.

கண்டக்டர்: அண்ணே...? அப்போ உங்களுக்கு எல்லாம்...

டிரைவர்: அவ வந்து சொல்றதுக்கு முன்னாடியே தெரியும்டா. இத்தனை வருஷம் பின்னாடி என்ன நடக்குதுன்னு திரும்பிப் பாக்காமலே ஓட்டினவன் நான். உன் காலடிச் சத்தம் நின்னா எனக்குத் தெரியாதா? கல்லு எடுக்குறவன் எவனாவது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் குனிவானா?

கண்டக்டர்: தெரிஞ்சுக்கிட்டே இடது காலா வலது காலான்னு கேட்டீங்களா? படுபாவி மனுஷா!

டிரைவர்: நீயா சொல்றியான்னு பாத்தேன். கல்லுளிமங்கன் மாதிரி இருந்தே.

கண்டக்டர்: சரி, எல்லாம் தெரிஞ்சவருதானே? வண்டியில நான் இருப்பேன்னும் தெரியும். அப்புறம் எதுக்குண்ணே இந்த ஆமை ஓட்டம்? கொஞ்சம் வேகமா ஓடிப் பழகக் கூடாதா? என் கையாலயே உங்களை ஏத்த வைக்கணுமா?

டிரைவர்: நீ ஏத்த மாட்டேடா. அந்த வண்டி என்ன வேகத்துல வரும்னு அன்னிக்கே கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன். அதுக்குக் கொஞ்சமே கொஞ்சம் முன்னாடி ஓடுறதுக்குத்தான் இத்தனை நாளா உன்னைச் சைக்கிள்லருந்து விழ வச்சுப் பழகினேன். வேகமா ஓடினா நான் பாட்டுக்குப் போயிடுவேன், நீ எங்கேயோ பின்னாடி தனியா வந்துக்கிட்டு இருப்பே... கடைசி ஆளா ஓடினாத்தானேடா கடைசி வரைக்கும் நீ என் பின்னாடியே வருவே?