பசு நக்கிய இடம்

கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் கிளம்பியதும், முன் சீட்டு அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சாதாரணமாகச் சொன்னார்:

"எங்க பசுமாடு நக்கித்தான் கண்ணு எங்கூட்டுக்காரரு செத்தாரு."

"என்னக்கா சொல்றீங்க? கிட்னி கெட்டுத்தானுங்க கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனாரு?"

"ஆமா. வயித்துல குழாய் வெச்சு, மருந்துத் தண்ணி உட்டு உட்டு எடுத்தாங்க. கொஞ்சம் தேறுனதும் குழாயோடவே ஊட்டுக்கு அனுப்புனாங்க. வந்ததும் வராததுமா கட்டுத்தறிக்குப் போயிட்டாரு. ரொம்ப நாளாப் பாக்காத மாடு, வயித்தையெல்லாம் நக்குச்சு."

"தொரத்தியுடலீங்களா?"

"சிரிச்சுட்டே நின்னாரு. மறுநாள் காய்ச்சல். வயித்துலிருந்து வந்த தண்ணி கலங்கலா வந்துச்சு. மாட்டு வாயில இருக்கற கிருமி, மனுசனுக்கு வந்து பாத்ததே இல்லைன்னு டாக்டரே சொன்னாரு."

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

"மாட்ட வித்துப்போட்டீங்களாக்கா?"

"சந்தை வரைக்கும் ஓட்டிட்டுப் போயித் திருப்பி ஓட்டிட்டு வந்துட்டேன். அதுக்கு என்ன தெரியும், பாவம்? இப்பவும் அவரு சட்டையை நான் போட்டுட்டுப் போனாத்தான் பால் எறக்குது. வாசம் போயிருமுன்னு அதைத் தொவைக்கறதே இல்ல."