கிரைண்டர்ல கை வெச்சது யாரு?

வீட்டு ஆளைக் குடியை நிறுத்தறதுக்கு இங்க சேத்துட்டு வந்து உக்காந்திருக்கற உங்க மொகத்தையெல்லாம் பாத்தா எனக்குத் தெரியுதுங்க. 'இந்தம்மா அரைமணி நேரமா தன்மதிப்பு, தன்மதிப்புன்னு சொல்லுது, அது எந்தக் கடையில விக்குது?'ன்னு யோசிக்கறீங்க. நியாயந்தானுங்க. அதனால பேச்சை நிறுத்திட்டு ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். ஒரு ஈடு இட்லி வேகற நேரந்தான். கதையும் இட்லியைப் பத்தினதுதான்!

நான் முன்னாடி கவுன்சிலரா வேலை பாத்த குடிமீட்பு இல்லத்துல முப்பது பேரு தங்கியிருந்தாங்க. சமையலுக்குத் துளசிமணி அக்கா. தங்கமான மனுசி. ஆனா அவங்க இட்லி இருக்குதே... சாமி! சுவத்துல எறிஞ்சா சுவரு பேந்துரும். கேட்டா, "நா என்ன கண்ணு பண்றது, கிரைண்டரு அரைக்க மாட்டேங்குது"ம்பாங்க.

அங்க சென்னியப்பன்னு ஒருத்தரு. நாப்பத்திரண்டு வயசு. ஏற்கெனவே ரெண்டு தடவை வந்து, தேறி, வீட்டுக்குப் போயி, மறுபடியும் குடிச்சவரு. இது மூணாவது தடவை. இன்னும் ஒரு வாரத்துல வீட்டுக்கு அனுப்பணும். அனுப்பறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு தாள் குடுப்போம். அதுல ஒரு கேள்வி, 'உங்களுக்கு நல்லா வர்ற வேலை என்ன?'ன்னு. இவரு என்ன எழுதினாரு தெரியுங்களா?

'ஒண்ணுமில்லை.'

போன ரெண்டு தடவையும் இதையேதான் எழுதிட்டுப் போனாரு. நான் ஒண்ணுக்கும் ஆகாதவன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறவன், எதுக்காகக் குடிக்காம இருக்கணும்? சொல்லுங்க... எதுக்காக?

இப்படி இருக்கறப்ப ஒருநா காலையில... இட்லி மெத்துன்னு இருக்குது! நான் ஆறு சாப்பிட்டேன். மறுநாளும் அப்படியே. "அக்கா, என்ன மாயம் பண்ணுனீங்க?"ன்னு கேட்டேன்.

"எனக்கே தெரீல கண்ணு! கிரைண்டரு சத்தமே மாறிப்போச்சு. ஆரோ கை வெச்சிருக்காங்க. இங்க பாரு, என்ற ஸ்பூனு காம்பு வளைஞ்சு கெடக்குது!"

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு விசயம் புரியலைன்னா சோறு எறங்காது. யாரு? எப்ப? எதுக்கு ரகசியமா? முப்பது பேரையும் கூப்பிட்டு, அந்த ஸ்பூனைத் தூக்கிப் பிடிச்சுக் கேட்டேன்: "கிரைண்டர்ல கை வெச்சது யாரு?"

ஒரே ஒரு குரல் மட்டும் வந்துச்சு... "நான் இல்லீங்க மேடம்!"

சென்னியப்பன்!

அவரை யாருங்க கேட்டா? ஆபீசுக்குப் போயி அவரோட ஃபைலைப் பிரிச்சேன். தொழில்னு போட்ட எடத்துல என்ன இருக்குது? 'கிரைண்டர் கம்பெனி, ஃபிட்டர், பன்னெண்டு வருசம்.' இவருதான்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா ஒண்ணு மட்டும் புரியவேயில்லை. தப்புப் பண்ணவன் ஒளிவான். நல்லது பண்ணிட்டு ஒருத்தன் எதுக்குங்க ஒளியணும்?

ஞாயித்துக்கிழமை அவரு சம்சாரம் கோகிலாமணி பாக்க வந்துச்சு. ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, "கிரைண்டர்ல யாரோ..."ன்னு ஆரம்பிச்சேன். முடிக்கவே விடலைங்க!

"அய்யோ, இவருதானுங்களா? என்னத்தைங்க ஒடைச்சு வெச்சாரு?"

"நான் இல்ல கோகிலா... சத்தியமா நான் இல்ல!"

அப்பத்தாங்க எனக்கு உறைச்சுது. அந்த வீட்டுல 'யாரு பண்ணது?'ங்கற கேள்வி எப்பவெல்லாம் வந்திருக்கும்? தட்டு ஒடைஞ்சா வரும். டிவி உருண்டா வரும். புள்ளையோட சைக்கிள் காணாமப் போனா வரும். அந்தப் பொண்ணைக் குத்தம் சொல்ல மாட்டேன், அத்தனை பட்டிருக்குது. ஆனா படிச்ச நான் என்ன பண்ணேன்? ஸ்பூனைத் தூக்கிக்கிட்டு, போலீசாட்டம் அதே கேள்வியக் கேட்டேன். வெக்கமாப் போச்சுங்க.

கொரலை எறக்கிக்கிட்டுச் சொன்னேன். "ஒடைக்கலம்மா. சரி பண்ணியிருக்காங்க. நாலு நாளா முப்பது பேரு வயிறாரச் சாப்பிடறோம். அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா ஒரு கும்பிடு போடலாம்னுதான் தேடறேன்."

சென்னியப்பன் என்னைப் பாத்தாரு. பொண்டாட்டியப் பாத்தாரு. தலையக் குனிஞ்சுக்கிட்டு மெதுவா, "பெல்ட்டு தளந்துபோயிருந்துச்சுங்க... கல்லும் ஒருபக்கமா சாஞ்சு ஓடுச்சு... அக்கா மத்தியானம் படுத்திருந்தப்ப, ஸ்பூன் காம்பை வெச்சே முடுக்கிட்டேன்..."

"அப்ப, பண்ணது யாருங்க?"ன்னு மறுபடியும் கேட்டேன்.

"நான்தானுங்க."

எவ்வளவு சின்ன வார்த்தை! அதைச் சொல்றதுக்குள்ள அந்த மனுசனுக்கு வேர்த்துப்போச்சு. கோகிலாமணி மொகத்தைத் தொடச்சுக்கிட்டு அவருகிட்டக் கேட்டுச்சு... "நம்மூட்டு கிரைண்டரும் ரெண்டு வருசமா ஓட மாட்டேங்குதுங்க. சொன்னா சண்டை வரும்னு சொல்லலை. வந்து பாக்கறீங்களா?"

எனக்கும் அழுகை வந்துருச்சுங்க.

அதுக்கப்புறம் அவரு குடிக்கவே இல்லையான்னு கேப்பீங்க. பொய் சொல்ல மாட்டேன், ஒரு தடவை சறுக்கினாரு. ஆனா அந்தத் தடவை அவரை யாரும் இழுத்துட்டு வரலை. அவரா பஸ் ஏறி வந்தாரு.

தாய்மாரே, அய்யாமாரே... 'நான்தான்'ங்கற வார்த்தையை உங்க வீட்டு ஆளு இத்தனை வருசமா குத்தத்தை ஒத்துக்கறதுக்கு மட்டுந்தான் சொல்லியிருக்காரு. அதே வார்த்தையை ஒரு நல்ல காரியத்துக்குச் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புக் குடுங்க. சும்மா புகழாதீங்க, பொய்ப் புகழ்ச்சியை அவங்க ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சுருவாங்க. அவரு செய்யறதைக் கண்ணால பாருங்க. துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கலாம், கொழாய் சொட்டறதை நிறுத்தியிருக்கலாம், புள்ளைக்குத் தலை சீவி விட்டிருக்கலாம். பாத்துட்டு, மொகத்துல சிரிப்போட, "இதை இத்தனை நல்லாப் பண்ணது யாரு?"ன்னு கேளுங்க.

பதில் ஒடனே வராதுங்க. மொதல்ல பயந்து, "நான் இல்லை"ன்னுதான் சொல்லுவாரு. போயிராதீங்க... அங்கயே நின்னு, இன்னொரு தடவை கேளுங்க.