சிறகு நனைந்ததற்குப் பூஜ்ஜியம்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்த் தலைவர் அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, கல்வி அலுவலகத்திலிருந்து படகேறி வந்திருக்கும் மேற்பார்வையாளர் ஐயா அவர்களே, ஏழு நாளாகத் துக்க வீட்டில் வருவோருக்கெல்லாம் காபி ஊற்றிக் களைத்திருக்கும் ஒமாந்தம் குடும்பத்தாரே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் முதல் வகுப்புக் குழந்தைகளே! உங்களைத்தான் நான் முதலில் அழைத்திருக்க வேண்டும். சார் துலோ இருந்திருந்தால் உங்களிடமிருந்துதான் தொடங்கியிருப்பார்.

தியோதுலோ ஒமாந்தம்! முப்பத்தொரு ஆண்டுகள் முதல் வகுப்பு ஆசிரியர். பதவி உயர்வு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும், "அவ்வளவு உயரத்துல உக்காந்தா குழந்தைங்க பேசுறது காதுல விழாது" என்று திருப்பி அனுப்பியவர்.

அவரைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். நான் தகுதியானவளா? இந்தச் சபையில் அவருடைய குழந்தைகளுக்குப் பெரிய அநியாயம் செய்தவள் நான்தான். அதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு உரிமை இல்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் அந்தக் கல்வி அலுவலகத்தில் வாசிப்புத் தேர்வு நடத்துகிறவளாக இருந்தேன். வடக்கே லூசோனில் பிறந்தவள், தகாலோக் பேசி வளர்ந்தவள். இந்தத் தீவின் செபுவானோ மொழியில் பாதி வார்த்தை தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது! கையில் தகாலோக்கில் ஆறு வரிக் கதை. ஒரு 'லங்கம்' சோற்றுப் பருக்கையைக் கவ்விக்கொண்டு போகிறது. மழை வருகிறது. தேங்காய்ச் சிரட்டைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. ஏன் ஒளிந்தது? உடல் சின்னது, மழைத்துளி அடித்துப் போய்விடும் என்பது விடைத்தாளில் இருந்த பதில்.

சார் துலோவின் வகுப்பிலிருந்து முதலில் வந்தவள் ஜுவிலின். தடங்கல் இல்லாமல் வாசித்தாள்.

"ஏன் ஒளிஞ்சுது?" என்றேன்.

"சிறகு நனைஞ்சிரும்ல மேம்."

"லங்கத்துக்கு ஏதும்மா சிறகு?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற பையனிடம் சொன்னாள்: "பாவம்டா. மேம் லங்கத்தையே பாத்ததில்ல போல."

பூஜ்ஜியம் போட்டேன். அடுத்தவனும் சிறகு என்றான், அவனுக்கும் பூஜ்ஜியம். பத்தொன்பது குழந்தைகள், பத்தொன்பது பூஜ்ஜியம். 'எழுத்துக் கூட்டுவார்கள், பொருள் புரியாது. அதே வகுப்பில் இன்னொரு ஆண்டு இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காலை சார் துலோ அலுவலகத்தில் என் மேசை முன்னால் நின்றார். படகில் வந்த ஈரம் சட்டையில் சொட்டியது. விடைத்தாள்கள் மட்டும் பிளாஸ்டிக் பைக்குள் நனையாமல் இருந்தன.

"மேம், ஒரு லங்கம் வரைங்க."

"விளையாட வந்தீங்களா சார்?"

"வரைங்களேன். மார்க்கு போட மாட்டேன், பயப்படாதீங்க."

எறும்பு வரைந்தேன். அவர் பென்சிலை வாங்கி அதன் பக்கத்தில் ஒரு பறவை வரைந்தார்.

"உங்க ஊர்ல லங்கம்னா எறும்பு. எங்க தீவுல லங்கம்னா பறவை. பறவை ஏன் ஒளியணும்னு கதையில ஒரு வரி இல்ல. இவங்களே யோசிச்சுக் கண்டுபிடிச்சாங்க, சிறகு நனைஞ்சா பறக்க முடியாதுன்னு. பத்தொன்பது பேரும் கண்டுபிடிச்சாங்க மேம்! இதுக்குப் பேரு புரியலைன்னா, புரிஞ்சதுக்கு என்ன பேரு?"

பட்டியலைத் திருத்தினேன், அதற்காக எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அடுத்த ஆண்டு நானே கேட்டு இந்தப் பள்ளிக்கு ஆசிரியையாக மாற்றலாகி வந்தேன். தண்டனை என்று நினைத்தவர்கள் உண்டு. அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்!

இங்கே வந்து நான் பார்த்தது என்ன? காலையில் அவர் அறைக்குள் நுழைய ஒரு கட்டணம் உண்டு. வீட்டிலிருந்து ஒரு சொல் கொண்டுவர வேண்டும். வலை பின்னும்போது அப்பா சொன்னது, மீன் விற்கும்போது அம்மா திட்டியது, எதுவானாலும் சரி. திட்டு வந்தால், "இதுக்கு அர்த்தம் என்ன? யாரைப் பாத்துச் சொல்லலாம், யாரைப் பாத்துச் சொல்லக்கூடாது?" என்று கேட்பார். பிறகுதான் சுவரில் எழுதுவார். அந்தச் சுவர் முழுவதும் இந்தத் தீவின் வாய்!

கதையை வேண்டுமென்றே தப்பாக வாசிப்பார். "கடல் வத்தினதும் படகு மிதந்துச்சு" என்பார். "சார், தரை தட்டும் சார்!" என்று வகுப்பே கத்தும். கவனித்துக் கேட்கிறவர்களுக்குத்தானே கத்தத் தோன்றும்? ரெய்மார் ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் வாசித்து முடித்தான். "என்னடா டோங் புரிஞ்சுது?" என்றார், எல்லாப் பையன்களையும் கூப்பிடுகிற அதே செல்லப் பெயரில். "வாசிக்கத்தானே சார் சொன்னீங்க, புரிஞ்சுக்கச் சொல்லலையே!" என்றான். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "தப்பு என்மேல" என்று சொல்லி மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். தப்பு என்மேல! எத்தனை அலுவலகங்களில் இந்தச் சொற்களை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோம்?

இந்த மாதத் தொடக்கத்தில் ஓர் ஆணை வந்தது. முதல் வகுப்பில் செபுவானோ வாசிப்பு நேரம் இனி இல்லை. அந்த அறை சாமான் அறையாகும். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும். நாள்: வரும் திங்கட்கிழமை.

சார் துலோ கோபப்படவில்லை. ஆணையைச் சுவரில் ஒட்டினார். குழந்தைகளை வாசிக்கச் சொன்னார். புரியாத சொல்லைச் சிவப்பு மெழுகுக்குச்சியால் வட்டமிடச் சொன்னார். மேற்பார்வையாளர் ஐயா, உங்கள் கையெழுத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் வட்டம் விழுந்தது. அடியில் அவர் எழுதினார்: 'முதல் வகுப்பு முழுவதும் கவனமாக வாசித்தது. குழந்தைகளின் அறையை ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள் என்பது யாருக்கும் புரியவில்லை. எளிய சொற்களில் மறுபடி எழுதி அனுப்பவும்.' அதை உங்கள் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பினார். கடிதம் படகேறிய மூன்றாம் நாள் அவர் இதயம் நின்றது.

பதில் இன்னும் வரவில்லை. புரியாத ஆணைக்கு நாங்கள் எப்படிக் கீழ்ப்படிவது ஐயா? அவர் போய்விட்டார், இனி கேட்க ஆளில்லை என்று யாராவது நினைத்திருந்தால் இந்தக் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கட்டும். அன்று பூஜ்ஜியம் வாங்கிய ஜுவிலின் அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். அவள் மகள் இப்போது முதல் வகுப்பில். அந்த அறையின் சாவி இப்போது என் கையில். இதை நான் யாரிடமும் ஒப்படைக்கப் போவதில்லை. எனக்கு ஓலை வரலாம். வரட்டும். அதையும் சுவரில் ஒட்டுவோம், சிவப்பு மெழுகுக்குச்சி இருக்கிறது!

எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்வது வழக்கம். சார் துலோ மௌனத்துக்கு மதிப்பெண் தந்ததே இல்லை. அதனால் குழந்தைகளே, எழுந்திருங்கள். லங்கம் என்றால் என்ன? இடது கை சிறகடிக்கட்டும், வலது கை விரல்கள் எறும்பாக ஊரட்டும். இரண்டும் சரி! பெரியவர்களே, நீங்களும்!

பார்த்தீர்களா சார் துலோ? பங்குத் தந்தைக்கு மட்டும் எறும்பு சரியாக வரவில்லை. கற்றுக்கொள்வார்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு அந்தக் கதவு திறக்கும். மேற்பார்வையாளர் ஐயா, நீங்களும் வரலாம். ஆனால் வாசலில் உங்கள் வீட்டிலிருந்து ஒரு சொல் தந்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.